தலையணை மேல் ஒரு துண்டு

தூத்துக்குடி
12 பிப்ரவரி 2024

தங்கச்சி கிரேசிக்கு,

கர்த்தர் தந்த சுகத்தோடு உன் அக்கா ஞானரெத்தினம் எழுதுவது. இங்கே நான், மகள் ஷெர்லி, மருமகன், பேத்தி ஜெயபிரியா எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே உன் சர்க்கரை எப்படி? உன் மகன் டிக்சன் எப்படி? மருமகள் ஜெபசுதா எப்படி?

விசாரித்து முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாடகைக் கார் ஓட்டுகிற மாசானம் வந்து நின்றான்.

“எம்மா, உங்க தங்கச்சிய ஏர்போர்ட்ல இருந்து நான்தான் கூட்டிட்டுப் போனேன். டிக்சன் தம்பியும் வந்தாவ. காயல்பட்டினம் தாண்டி, கடக்கரையில புதுசா வந்திருக்குல்லா, அந்த கோல்ஃப் ஓட்டலுக்கு. ஒங்ககிட்ட சொல்லலியா?”

“எனக்கு எல்லாம் தெரியும்லே. நீ தராசை மறைக்காம தள்ளி நில்லு” என்றேன். தக்காளியை எடுத்தவள் அழுகலும் நல்லதுமாக அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஷெர்லி ஏசினாள்.

இன்னொன்றும் சொன்னான். ஓட்டலுக்குப் போகிற வழியில் என் தெரு முனையில் காரை நிறுத்தச் சொன்னாயாம். நின்றதாம். நீ இறங்கவில்லையாம். டிக்சனும் இறங்கவில்லையாம், அவன் காதில் போனை வைத்துக்கொண்டிருந்தானாம். மூன்று வயதிலிருந்து பதினான்கு வயதுவரை அவன் ஓடின தெரு அது.

இதைப் போனில் கேட்டிருப்பேன். ஆனால் இனி உன் குரல் என் காதில் விழாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயிலில் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். கர்த்தருக்கு முன்னால் சொன்ன சொல். உன் எழுத்தைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் எழுது. அந்த ஓட்டலில் அப்படி என்னதான் வைத்திருக்கிறான்? ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா,
ஞானரெத்தினம்

*

சென்னை
28 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிரேசியின் ஸ்தோத்திரம். உன் முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம். என் சர்க்கரை அளவோடு இருக்கிறது.

நீ கேட்டதால் எழுதுகிறேன். பெருமைக்கு இல்லை.

டிக்சன் அந்த ஓட்டல் கம்பெனியில் அங்கத்தினன். கப்பலில் சரக்குச் சேதம் பார்க்கிற வேலைக்காக ஊர் ஊராகப் போய்த் தங்குகிறான் அல்லவா? தங்கின ராத்திரிக்கெல்லாம் புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே முத்து என்று ஏற்றி விடுவார்கள். அவன் இப்போது முத்து அங்கத்தினன். முத்து என்றால் சும்மா இல்லை. வாசலிலேயே நமக்காக ஒருவர் நிற்கிறார். கையில் பன்னீர் மணக்கிற ஈரத் துண்டு. கழுத்தில் சங்கு மாலை. மற்றவர்கள் வரிசையில் நிற்க, நமக்கு உட்கார்ந்த இடத்தில் இளநீர். நாம் கேட்டது சாதாரண அறை. கொடுத்தது கடலைப் பார்த்த இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். டிவியைப் போட்டால் அதில் என் பெயர்! மேசையில் ஒரு கூடை பழம்.

அக்கா, அவர்கள் கவனிப்பை என்னவென்று சொல்வேன். தலையணை மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தார்கள். கட்டிலின் சுவரோரமாக நீளத் தலையணை ஒன்று, கை படுகிற இடத்தில். ராத்திரி நாம் படுக்கிற நேரத்துக்குக் குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போகிறார்கள், இருட்டில் தடுமாறக் கூடாதாம். காலையில் கதவைத் தட்டி ஒரு பீங்கான் கெட்டிலில் பால் சேர்க்காத கருப்பட்டிக் காப்பி. நான் மஸ்கட்டில் பதினோரு வருஷம் பெரிய பெரிய வீட்டு நோயாளிகளைப் பார்த்தவள். இப்படி ஒரு கவனிப்பை எங்கும் பார்க்கவில்லை.

வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சைப் புல். பாட்டரி வண்டியில் சுற்றிக் காட்டினார்கள். டிக்சன் என்னைக் கைபிடித்து இறக்கி விட்டான்.

உன் வீட்டுக்கு வர நேரமில்லை. அவனுக்கு வேலை.

அன்புத் தங்கை,
கிரேசி

*

தூத்துக்குடி
6 மார்ச் 2024

கிரேசிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தைலம் முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டாம், இங்கேயும் கிடைக்கும்.

உன் கடிதத்தை ஜெயபிரியாவை வாசிக்கச் சொல்லாமல் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தினது உன் பள்ளிக்கூடச் செலவுக்காக என்பதை நான் இங்கே எடுக்கவில்லை.

அங்கத்தினனாம். நானும்தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சபைக்கு அங்கத்தினள். ஒரு மாதச் சந்தா பிந்தினது இல்லை. என்னை எந்தப் போதகர் ஐயர் வாசலில் நின்று ஈரத் துண்டு கொடுத்து வரவேற்றார்? கடைசி பெஞ்சில் மின்விசிறி இல்லாத இடம்தான் எனக்கு. உனக்கு டிவியில் பெயர். இங்கே என் பெயர் வருகிற ஒரே இடம் ரேஷன் கார்டு, அதிலும் ஞானரத்னம் என்று தப்பாக.

கோல்ஃபையும் கேட்டு வந்தேன். ஒரு குச்சியால் பந்தைத் தூர அடித்துவிட்டு, அதைத் தேடிப் போக ஒரு வண்டியாம். கிட்டே அடித்திருந்தால் வண்டி மிச்சம். அந்தப் புல்லுக்கு ராத்திரியெல்லாம் தண்ணீர் பீய்ச்சுகிறார்களாமே. மாப்பிள்ளையூரணியில் ஷெர்லியின் மாமியார் வீட்டில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறார்கள்.

டிக்சன் உன்னைக் கைபிடித்து இறக்கினான் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தேன். நல்லது. பிடிக்கட்டும். அவன் மூன்று வயதில் பஸ்ஸை விட்டு இறங்கி என் கையைப் பிடித்தபோது உள்ளங்கை முழுக்க உன் பிஸ்கட் தூள். உன் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம். “எக்கா, மஸ்கட்ல ரெண்டு வருஷம் பாத்துட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாய். பதினோரு வருஷம். அதுவரை என்னைத்தான் அம்மா என்றான். நீ வந்து இறங்கின மறுநாள், “ஏலே, இவதான் அம்மா, அவ பெரியம்மா” என்று திருத்தினாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சோறு வடித்தேன்.

அதைக்கூடப் பொறுத்தேன். சென்னை வீட்டுப் பிரதிஷ்டையன்று சாப்பாட்டுப் பந்தலில் மைக்கைப் பிடித்து என்ன சொன்னாய்? “என் மகனை அக்கா வீட்டில் கொஞ்ச நாள் விட்டிருந்தேன், அக்காவுக்கும் நன்றி.” கொஞ்ச நாள்! நான் பாயசக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொருத்தனை.

இப்போது ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. அந்தத் துண்டு, சுவரோரத் தலையணை, குளியலறை விளக்கு, கருப்பட்டிக் காப்பி. இதெல்லாம் அந்த ஓட்டலில் எல்லா அறைக்கும் உண்டா? பக்கத்து அறைக்கு உண்டா? விசாரித்து எழுது.

ஞானரெத்தினம்

*

சென்னை
30 மார்ச் 2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பந்தலில் சொன்னதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

மற்றதை விசாரித்தேன். டிக்சனிடம் இல்லை, அவன் பரதீப் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். ஓட்டலுக்கே போன் செய்தேன். அங்கே வரவேற்பில் இருக்கிற பெண் சாத்தான்குளத்துக்காரி. நம் பேச்சைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். “அது எல்லாருக்கும் கிடையாது மேடம். முத்து மெம்பருக்கு என்னென்ன வேணுமோ அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருவோம். டிக்சன் சார் இந்தியாவுல எங்க எந்த ஓட்டலுக்குப் போனாலும் இதே நாலுதான். நீங்க அவுக அம்மாதானே, ஒங்களுக்கும் அப்படித்தான் பழக்கமா இருக்கும்னு ரெண்டு கட்டிலுக்கும் செஞ்சோம்” என்றாள்.

ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழக்கூடையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். அதை யாரும் தொடவில்லை. அவன் காலையில் புல்வெளிக்குப் போனால் துறைமுகத்து ஆட்களோடு ஆட்டம், பிறகு கூட்டம். இருட்டித்தான் வருவான். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று.

கிரேசி

*

தூத்துக்குடி
5 ஏப்ரல் 2024

என் தங்கச்சி கிரேசிக்கு,

கர்த்தர் நல்லவர்! இன்று எனக்கு முழங்கால் வலியே இல்லை. படியை இரண்டு இரண்டாக ஏறலாம் போல் இருக்கிறது. உன் சுகத்தையும் விசாரிக்கிறேன்.

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. கேட்டுக்கொள்.

துண்டு. அவனுக்கு நாலு வயதில் காதில் சீழ் வந்தது. தலையணையெல்லாம் கறை. என் கல்யாணத் தலையணை உறை, ரோஜாப்பூ தைத்தது. அதனால் துண்டை நாலாக மடித்துப் போட்டேன். காது ஆறின பிறகும் துண்டில்லாமல் படுக்க மாட்டான். சுவரோரத் தலையணை. புரண்டு புரண்டு சுவரில் முட்டிக்கொள்வான். உன் பழைய சேலையைத் திணித்து நீளமாக நான் தைத்தது அது, அந்த மாம்பழ நிறச் சேலை, நீ இன்றுவரை எங்கே போயிற்று என்று கேட்கிறாயே, அதுதான். விளக்கு. வந்த முதல் ராத்திரி “மஸ்கட்டுக்கு எந்தப் பக்கம் போணும்” என்று கேட்டு அழுதான். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்து, “பெரியம்மை அங்கனதான் துணி துவைக்கேன், பயப்படாதே” என்று சொல்லிவிட்டு வந்து அவன் பின்னாலேயே படுத்துக்கொண்டேன். வெளிச்சம் இருந்தால் நான் விழித்திருக்கிறேன் என்று அவனுக்கு எண்ணம். காப்பி. அந்தக் காலத்தில் உன் மச்சான் துறைமுகத்தில் கூலிக் கணக்கில் இருந்தார். பால் வாங்க வழியில்லை. அவ்வளவுதான் காப்பியின் கதை.

ஆக, பெரிய பெரிய மாநகரத்தில் கோட்டு போட்டவன் எல்லாம் என் வீட்டுப் படுக்கையை விரிக்கிறான்! நீ மஸ்கட்டில்கூடப் பார்க்காத கவனிப்பு என்று எழுதினாயே ஏளா. சங்கு மாலை போட்டுக்கொண்டு, டிவியில் பெயர் போட்டு, அந்த ஓட்டலில் நீ போய்த் தங்கினது என் வீட்டில்தான். அதுவும் தனியாக, பழக்கூடையோடு.

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? பதில் எழுது.

உன் அக்கா,
ஞானரெத்தினம்

*

தூத்துக்குடி
17 ஜூன் 2024

கிரேசிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகம். கோடை முடிந்தும் வெயில் இறங்கவில்லை.

என் கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரர் பாஸ்கலைக் கேட்டேன். “போட்டா போய்ச் சேரும் எம்மா. பதில் வரலைன்னா அது தபால் ஆபீஸ் குத்தமா?” என்கிறான். வாய்க்கொழுப்பு.

கோபமாக இருந்தால் கோபமாக எழுது. நீ கோபப்பட்டு எழுதினதெல்லாம் எனக்குப் புதிதா? கிறிஸ்துமஸுக்கு எனக்கு எடுத்த நீலப் பாவாடையை நீ கேட்டு அழுது, அம்மா அதை உனக்கே கொடுத்தபோது, நான் ஒரு வருஷம் உன்னோடு பேசவில்லை. பிறகு பேசினேனே.

உன் சர்க்கரை?

ஞானரெத்தினம்

*

தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2024

கிரேசிக்கு,

உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் ஒரு கார்டு போடு. ஒன்றும் எழுத வேண்டாம். விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும்.

ஞானரெத்தினம்

*

சென்னை
29 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

டிக்சன் எழுதுகிறேன். தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷமாகிவிட்டது. பிழை இருந்தால் ஷெர்லி அக்காவிடம் சொல்லிச் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

அம்மா நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஏப்ரலிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார்கள். ஒருநாள் காலையில் எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்திருந்தார்கள். நான் வீட்டில் பால்காப்பிதான் குடிப்பேன், ஜெபசுதா போடுவது அதுதான். “ஓட்டலில் மட்டும் ஏன் இது?” என்று கேட்டார்கள். வெளியூரில் புது அறையில் தூக்கம் வராது, அதனால் இருக்கும் என்றேன். அம்மா எழுந்து போய்விட்டார்கள்.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. அன்றைக்குக் காரை விட்டு இறங்காதது என் தப்பு. போனில் கப்பல் கம்பெனிக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்த ஓட்டலில் இலவச ராத்திரிகள் மிச்சம் இருக்கின்றன. வருஷ முடிவுக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். நான் வர முடியாது, டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் இருப்பேன். உங்கள் பெயரையும் அம்மா பெயரையும் கொடுத்திருக்கிறேன். ஒரே அறை, இரண்டு கட்டில். மாசானம் அண்ணன் கார் கொண்டுவருவார். வரமாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

டிக்சன்

*

தூத்துக்குடி
8 அக்டோபர் 2024

என் ராசா டிக்சனுக்கு,

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

வருகிறேன். ஓட்டலுக்கு ஆசைப்பட்டு இல்லை. புள்ளி வீணாகப் போகக் கூடாது என்பதற்காக.

ஆனால் உன் அம்மாவிடம் ஒரு நிபந்தனை சொல்லிவிடு. பொருத்தனை பொருத்தனைதான். அவள் குரல் என் காதில் விழக் கூடாது. என் குரல் அவள் காதில் விழுவதற்குத் தடை இல்லை, அதற்கு நான் பொருத்தனை பண்ணவில்லை. அதனால் நான் பேசுவேன். அவள் எழுதிக் காட்டட்டும். அந்த ஓட்டலில் தாளும் பேனாவும் சும்மா வைத்திருப்பார்களாமே.

உன் பெரியம்மா,
ஞானரெத்தினம்

*

ஓட்டல் குறிப்புத்தாள்களில் கிரேசி எழுதிக் காட்டியவை
டிசம்பர் 2024

எக்கா, உள்ளே நுழைந்ததும் சண்டையா? நான் சுகம். சர்க்கரை அடங்கியிருக்கிறது. நீ இளைத்துவிட்டாய். முதலில் அந்தச் சங்கு மாலையைக் கழற்று, குளிக்கப் போகும்போதுமா?

*

குளிர்பெட்டியில் இருந்த பாட்டிலையெல்லாம் வெளியே அடுக்கிவிட்டு உன் சாளை மீன் குழம்புச் சட்டியை உள்ளே வைத்தது நீ. நான் இல்லை. அறை சுத்தம் பண்ண வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினால் நான் உன்னைத்தான் கையைக் காட்டுவேன்.

*

மெதுவாகப் பேசு. பக்கத்து அறை வெள்ளைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நான் ஊமை என்று நினைத்துவிட்டார். காலைச் சாப்பாட்டில் எனக்குக் கையால் ஜாடை காட்டி வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். நானும் ஜாடையிலேயே நன்றி சொன்னேன். எல்லாம் உன்னால்.

*

டிவியில் உன் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஞானரெத்தினம். ஆமாம், என் பெயருக்கு மேலேதான் போட்டிருக்கிறார்கள். போதுமா? போட்டோ எடுத்தாயிற்று. இன்னொன்றும் எடுக்கிறேன், சிரி.

*

ஆமாம். துண்டு. தலையணை. விளக்கு. எல்லாம் உன்னுடையதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லையே. அதைத் தடவித் தடவிப் பார்க்காதே எக்கா. எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

*

கேட்டுக்கொண்டே இருக்கிறாய், சரி, எழுதுகிறேன். அன்று தெரு முனையில் காரை நிறுத்தச் சொன்னேன். இறங்கத்தான். கண்ணாடியை இறக்கினேன். உன் சத்தம் கேட்டது. தண்ணி லாரிக்காரனை ஏசிக்கொண்டிருந்தாய். “எம்புட்டு நேரமாலே ஹாரன் அடிப்ப, இங்கன என்ன செவிடா குடியிருக்கோம்” என்று. நீ பொருத்தனை பண்ணினாய், நான் பண்ணவில்லை. அதனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லாரி போனதும் நீ உள்ளே போய்விட்டாய். நாங்களும் கிளம்பிவிட்டோம்.

*

கொஞ்ச நாள். சரி, அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷம் என்று நான் மைக்கில் சொல்லியிருந்தால், அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். என்னை யார் பார்ப்பார்கள்? என் வீட்டுப் பிரதிஷ்டை எக்கா. அன்று ஒரு நாளாவது அவனுக்கு நான் ஒருத்திதான் அம்மாவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ என்மேல் பொறாமைப்படுகிறாய், ஒரு ஓட்டலுக்காக. நான் மஸ்கட்டில் இறங்கின நாளிலிருந்து உன்மேல் பொறாமைப்படுகிறேன். அவன் முதல் பல் விழுந்ததை நீ எனக்குக் கடிதத்தில் எழுதினாய். அந்தப் பல்லை எங்கே போட்டாய் என்று எழுதவில்லை.

*

ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?

*

எக்கா, ஏதாவது பேசு. ஏசவாவது செய்.

*

தூத்துக்குடி
16 டிசம்பர் 2024

என் தங்கச்சி கிரேசிக்கு,

கர்த்தருடைய கிருபையால் வீடு வந்து சேர்ந்தேன். நீயும் சேர்ந்திருப்பாய். கிறிஸ்துமஸ் வருகிறது, ஜெயபிரியா நட்சத்திரம் கட்டுகிறாள். வருகிற வழியெல்லாம் மாசானம் நான் பேசவில்லையே என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். “ரோட்டைப் பாத்து ஓட்டுலே” என்றேன். அப்புறம்தான் அவனுக்கு நிம்மதி.

நீ எழுதிக் கொடுத்த தாளையெல்லாம் எடுத்து வந்துவிட்டேன். பல்லைக் கேட்டாய். கூரையில் எறிந்தேன், அவன் தூக்கிக் காட்டச் சொல்லி என் தோளில் ஏறி நின்றான். அவ்வளவுதான். இதை அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன், பிற்பாடு நீ மாற்றிச் சொல்லக் கூடாது.

உன் தாளை வாசித்துவிட்டு நான் அந்தக் கட்டிலிலும் நீ இந்தக் கட்டிலிலுமாக உட்கார்ந்திருந்தோம். நான் பேசவில்லை. நீ எழுதவில்லை. வெளியே ஒருவன் பந்தை அடித்துவிட்டுப் புதரில் தேடிக்கொண்டிருந்தான். நடுவில் இருந்த போன் அடித்தது. யார் எடுப்பது? நான்தான் கையை நீட்டினேன். எதை அமுக்கினேனோ, சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா?” என்றான் டிக்சன்.

“என்னய்யா?” என்றேன்.

“என்னப்பா?” என்றாய்.

உன் குரல் கொஞ்சம் உடைந்திருக்கிறது. முன்னைக்கு இப்போது நம் அம்மாவின் குரல் மாதிரி இருக்கிறது.

யாரைக் கூப்பிட்டாய் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், பிள்ளை என்ன செய்வான்? பிறகு, “சாப்பிட்டாச்சா ரெண்டு பேரும்?” என்றான். நீ வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய். கூஜாவை உடைத்த அன்று அப்பா முன்னால் நின்ற அதே முழி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன பொருத்தனை?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் சொன்னேன்.

“பொருத்தனை முறிஞ்சு போச்சு ஐயரே.”

“நீங்க முறிச்சீங்களா, அதுவா முறிஞ்சுதா?”

“ஓட்டல்காரன் போன் முறிச்சுது.”

“அப்படின்னா அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி குடுத்துருங்க. சபையெல்லாம் ஒக்காந்து சாப்பிடட்டும். ஒங்க தங்கச்சியும் வந்து பந்தியில ஒக்காரட்டும்” என்றார். மூட்டையில் பாதி நீ தரவேண்டும். காது என்னுடையது என்றாலும் குரல் உன்னுடையது.

இனி நீ போன் பண்ணலாம். சாயங்காலம் பண்ணு, காலையில் எனக்கு வேலை. டிக்சனிடம் சொல், ஓட்டல் கம்ப்யூட்டரில் துண்டு என்று மட்டும் போதாது, பழைய துண்டு என்று ஏற்றச் சொல்ல வேண்டும், புதுத் துண்டு காதைக் கீறும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். “என்னய்யா” முதலில் வந்தது. “என்னப்பா” அதற்குப் பிறகுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் வித்தியாசம், இருந்தாலும் வித்தியாசம். மைக் கிடைத்தால் இதை மாற்றிச் சொல்லிவிடாதே. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

உன் அக்கா,
ஞானரெத்தினம்

*

சென்னை
2 ஜனவரி 2025

எக்காவுக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உன்னைச் சுகமாக வைக்கட்டும். அரிசிக்குச் சொல்லிவிட்டேன். அசனத்துக்கு நானும் டிக்சனும் வருகிறோம். உன் வீட்டில்தான் தங்குவோம்.

நேற்று அவ்வளவு நேரம் போனில் பேசினோம். இதைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீதான் முதலில். நான் பிறகுதான் வந்தேன்.

கிரேசி